சிப்புக்குள் ஆஸிலேட்டரும் ஃபில்டரும்: உயர் அதிர்வெண் வடிவமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனலாக் சிப் வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டைச் சுற்றித்தான் பேச்சு: சீமாஸ் சிப்பில் அமையும் 5 கிகா ஹெர்ட்ஸ் வைஃபை ரேடியோ. பக்கத்தில் ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு எண்களை நீங்களும் போட்டுப் பாருங்கள். அப்படிப் படித்தால்தான் இது கைக்கு வரும்.

ஆஸிலேட்டர் வேறு, ஃபில்டர் வேறுதானே? ஏன் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சுற்று. ஒரு இண்டக்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் இணைத்தால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கிடைக்கும். கம்பியிலும் சிலிக்கானிலும் ஆற்றல் வீணாவதால் அந்த அலைவு மெல்ல அடங்கிவிடும். இந்த நிலையில் அது ஒரு ஃபில்டர்: தன் அதிர்வெண்ணுக்கு அருகில் வருவதை விடும், மற்றதைத் தடுக்கும். டிரான்சிஸ்டர் வைத்து அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டினால் ஃபில்டர் கூர்மையாகும். முழுவதையும் ஈடுகட்டி இன்னும் கொஞ்சம் கொடுத்தால் உள்ளீடே இல்லாமல் தானாக ஆடத் தொடங்கும். அப்போது அது ஆஸிலேட்டர்.

அதனால் இந்தத் துறையில் எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இழப்பைத்தான். அது எங்கே நடக்கிறது, எவ்வளவு, அதை யார் ஈடுகட்டுகிறார்கள், ஈடுகட்டுகிறவர் கூடவே எவ்வளவு இரைச்சலைக் கொண்டுவருகிறார்? இழப்பை அளக்கும் எண்ணுக்கு க்யூ என்று பெயர். தேங்கியிருக்கும் ஆற்றலை ஒரு சுற்றில் வீணாகும் ஆற்றலால் வகுத்து, 2 பையால் (2π) பெருக்கினால் கிடைப்பது அது. க்யூ கூடினால் இழப்பு குறைவு.

இண்டக்டர் சிப்பில் அவ்வளவு இடம் பிடிக்கிறதே, ரிங் ஆஸிலேட்டர் போதாதா?

ரிங் என்பது இன்வர்ட்டர்களை வளையமாக இணைத்த ஆஸிலேட்டர். பிராசசர் கடிகாரத்துக்கு அது தாராளமாகப் போதும். சின்னது, பரந்த வீச்சில் டியூன் ஆகும், டிஜிட்டல் பிளாக்குகளுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் உட்காரும். ரேடியோவுக்குத்தான் தாங்காது. ரிங்கில் ஒவ்வொரு சுற்றிலும் கெப்பாசிட்டரை முழுக்க நிரப்பி முழுக்கக் காலி செய்கிறோம். அடுத்த சுற்றுக்கு ஆற்றல் எதுவும் மிஞ்சுவதில்லை. அதே மின்சக்தியில் எல்சி (இண்டக்டர், கெப்பாசிட்டர்) ஆஸிலேட்டரோடு ஒப்பிட்டால் ஃபேஸ் இரைச்சல், அதாவது அலையின் தாளத்தில் வரும் சிறு தடுமாற்றம், ஏறக்குறைய 20 டெசிபெல் மோசமாக வரும். அந்த 20 டெசிபெல்லை மின்சக்தியைக் கூட்டியே சரிசெய்வது என்றால் 100 மடங்கு கூட்ட வேண்டும். பேட்டரியில் ஓடும் கருவியில் அதற்கு இடமே இல்லை.

சிலிக்கான் மேல் இண்டக்டர் போட முடியாது என்று பழைய புத்தகங்களில் படித்தேனே?

1990 வரை பொதுவான கருத்து அதுதான். அந்த ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுயெனும் மேயரும் சாதாரண சிலிக்கான் ஐசியில் சுருள் இண்டக்டரும் அதை வைத்து எல்சி ஃபில்டரும் செய்து காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 1.8 கிகா ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்கள் வந்துவிட்டன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கிரானிங்க்ஸும் ஸ்டேயார்ட்டும் முதலில் சிப்பை வெளி உறையோடு இணைக்கும் பாண்ட் வயரையே இண்டக்டராகப் பயன்படுத்தினார்கள், பிறகு சுருளுக்கு மாறினார்கள். பாண்ட் வயர் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோ ஹென்றி தரும். க்யூவும் நன்றாக இருக்கும். ஆனால் உற்பத்தியில் ஒவ்வொரு கம்பியின் நீளமும் வளைவும் சற்றே மாறுமே, அதனால் அது நிலைக்கவில்லை.

இன்று வழக்கமான சீமாஸில் சில கிகா ஹெர்ட்ஸில் சுருளின் க்யூ 5 முதல் 15 வரை கிடைக்கும். இழப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று உலோகத்தின் மின்தடை. 5 கிகா ஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் மேற்பரப்பில் ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்துக்குள்தான் ஓடும். அதனால் மேல் அடுக்கின் தடித்த உலோகத்தைப் பயன்படுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் தடிமன் உதவாது. பக்கத்துச் சுற்றுகளின் காந்தப்புலம் மின்னோட்டத்தைக் கம்பியின் ஓரத்துக்குத் தள்ளுவது இன்னொரு தொல்லை. சுருளின் உட்சுற்றுகளை அகலமாகப் போட்டால் நிலைமை மோசமாவது அதனால்தான்.

இரண்டாவது, கீழே இருக்கும் சிலிக்கான். அது அரைகுறையாக மின்சாரம் கடத்துவதால் சுருளின் புலம் அங்கே போய் வெப்பமாகிறது. மின்புலம் சிலிக்கானுக்குள் போகாமல் தடுக்க நடுவில் தரையிட்ட கவசம் வைக்கலாம். முழுத் தகடாக வைத்தால் அதிலேயே சுழல் மின்னோட்டம் ஓடி இண்டக்டன்ஸைத் தின்றுவிடும். அதனால் மின்னோட்டத்தின் பாதைக்குக் குறுக்கே கீறல் கீறலாக வெட்டி வைக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் யூவும் வோங்கும் 1998ல் வெளியிட்ட அந்த அமைப்பு இன்றும் லேஅவுட்டில் அன்றாடம் கையாளப்படுகிறது.

சரி, 5 கிகா ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டருக்குக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

இண்டக்டர் 1 நானோ ஹென்றி, மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 1 பிக்கோ ஃபாரட் என்று வையுங்கள். ஒத்ததிர்வு 5.03 கிகா ஹெர்ட்ஸில் விழும். மனத்தில் வைத்துக்கொள்ள வசதியான ஜோடி. 5 கிகா ஹெர்ட்ஸில் இண்டக்டரின் எதிர்வினைப்பு 31.4 ஓம். டேங்கின் (இந்த எல்சி ஜோடியின்) க்யூ 10 என்றால் அதன் இணை மின்தடை 314 ஓம். டேங்கின் இழப்பு முழுவதும் இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

இழப்பை ஈடுகட்ட, ஒன்றின் கேட்டை மற்றதன் டிரெயினில் குறுக்காக இணைத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள். இந்த ஜோடி, 2ஐ ஜிஎம்மால் (கேட் வோல்டேஜ் மாறும்போது டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு) வகுத்தால் வரும் அளவுக்கு எதிர்மறை மின்தடை தரும். அது 314 ஓமை வெல்ல ஜிஎம் குறைந்தது 6.4 மில்லி சீமென்ஸ் வேண்டும். அந்த விளிம்பில் நிற்கக் கூடாது. வெப்பம் ஏறினால் ஜிஎம் இறங்கும், க்யூவும் இறங்கும். இரண்டு முதல் மூன்று மடங்கு வைப்பது வழக்கம், அதாவது 13 முதல் 19 வரை.

அப்புறம் வீச்சு. டெயில் மின்னோட்டம் (டிரான்சிஸ்டர் ஜோடிக்கு மொத்தமாகப் போவது) 3 மில்லி ஆம்பியர் என்றால், என்மாஸ் ஜோடி மட்டும் உள்ள அமைப்பில் டேங்கின் இரு முனைகளுக்கிடையே உச்ச வீச்சு சுமார் 0.6 வோல்ட். 2ஐ பையால் வகுத்து, மின்னோட்டத்தாலும் இணை மின்தடையாலும் பெருக்கினால் வருவது. மேலே பிமாஸ் ஜோடியும் சேர்த்தால் அதே மின்னோட்டத்தில் வீச்சு இரட்டிப்பாகும், ஆனால் சப்ளை வோல்டேஜுக்குள் அடங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபேஸ் இரைச்சலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இரண்டு காரணங்கள். வைஃபை 6ல் வரும் 1024 புள்ளிக் கட்டத்துக்கு அனுப்பும் பக்கத்தில் மொத்தப் பிழை −35 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பங்கீட்டில் ஆஸிலேட்டருக்குக் கிடைப்பது சின்னத் துண்டுதான். அதன் தொகை இரைச்சலை −40 டெசிபெல்லுக்குள் வைக்க வேண்டும் என்றால் சராசரி ஃபேஸ் பிழை 0.6 டிகிரியைத் தாண்டக் கூடாது. பெறும் பக்கத்தில் வேறு சிக்கல்: பக்கத்துச் சேனலில் பலமான சிக்னல் இருந்தால், ஆஸிலேட்டரின் பாவாடை போன்ற இரைச்சல் அதோடு கலந்து நம் சேனலுக்குள் வந்து உட்காரும்.

1966ல் லீசன் தந்த சமன்பாடு இன்றும் நல்ல வழிகாட்டி. க்யூ இரட்டித்தால் 6 டெசிபெல் லாபம், சிக்னலின் சக்தி இரட்டித்தால் 3 டெசிபெல் லாபம், அதிர்வெண் இரட்டித்தால் 6 டெசிபெல் நட்டம். எனவே இண்டக்டரின் இழப்பைக் குறைக்கச் செலவிடும் நேரம் மின்னோட்டத்தைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

லீசன் சொல்லாத ஒன்றை 1998ல் ஹாஜிமிரியும் தாமஸ் லீயும் தெளிவாக்கினார்கள். இரைச்சல் எந்த நொடியில் வருகிறது என்பது முக்கியம். ஊஞ்சல் நடுவில் வேகமாகக் கடக்கும் நொடியில் தட்டினால் எவ்வளவு உயரம் போகும் என்பது மாறும், தாளம் மாறாது. உச்சிக்குப் போய் வேகம் பூஜ்ஜியமாகி நிற்கும்போது தட்டினால் தாளம் கெடும். ஆஸிலேட்டரிலும் சிக்னல் பூஜ்ஜியத்தைக் கடக்கும் நேரத்தில் நுழையும் இரைச்சல்தான் ஃபேஸைக் கெடுக்கிறது. வீச்சு மாறினால் சுற்று தானே அதைச் சரிசெய்துகொள்ளும். ஃபேஸ் மாறினால் சரிசெய்ய ஆளில்லை.

இந்தப் பார்வை வந்தபின் பல நல்ல அமைப்புகள் பிறந்தன. டெயில் டிரான்சிஸ்டரின் இரைச்சலில் இரண்டாம் ஹார்மோனிக் அருகே இருக்கும் பகுதி மடிந்து இறங்கி ஃபேஸில் சேர்கிறது. 2001ல் ஹெகாசி, ஷோலாண்ட், அபிதி மூவரும் டெயிலில் அந்த இரட்டை அதிர்வெண்ணுக்கு ஒத்ததிரும் சின்ன எல்சியைச் செருகி அதை அடைத்தார்கள். ஆஸிலேட்டரைத் தூய்மையாக்க அதற்குள்ளேயே ஒரு ஃபில்டர். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

முழு வைஃபை பட்டையையும் ஒரே வேரக்டரால் (வோல்டேஜால் மாறும் கெப்பாசிட்டரால்) டியூன் செய்யலாமா?

செய்யாதீர்கள். பட்டை 5.15 முதல் 5.85 வரை. உற்பத்தி மாறுபாட்டுக்கும் வெப்பத்துக்கும் இடம்விட்டு 4.6 முதல் 6.4 வரை என்று திட்டமிட்டால் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு மாற வேண்டும். இதை ஒரே வேரக்டரில் செய்தால் ஒரு வோல்ட்டுக்குப் பல நூறு மெகா ஹெர்ட்ஸ் நகரும். டியூனிங் கம்பியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வோல்ட்டுக்கு 500 மெகா ஹெர்ட்ஸ் என்றால், அந்த ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் மட்டுமே 1 மெகா ஹெர்ட்ஸ் தள்ளி −107 டெசிபெல் ஃபேஸ் இரைச்சல் தந்துவிடும். நீங்கள் பாடுபட்டு டேங்கில் −115 வாங்கியிருப்பீர்கள், எல்லாம் வீண். 100 மெகா ஹெர்ட்ஸாகக் குறைத்தால் அதே ரெசிஸ்டர் −121 தரும்.

அதனால் பெரிய நகர்வுக்கு ஸ்விட்ச் வைத்த கெப்பாசிட்டர் வரிசை, நுணுக்கத்துக்கு மட்டும் சின்ன வேரக்டர். ஸ்விட்சிலும் இழப்பு உண்டு. 100 ஃபெம்டோ ஃபாரட் கெப்பாசிட்டரோடு 30 ஓம் ஸ்விட்ச் தொடராக இருந்தால் 5 கிகா ஹெர்ட்ஸில் அந்தக் கிளையின் க்யூ 10க்குச் சற்று மேல்தான், அதாவது இண்டக்டருக்குச் சமமான நட்டம். ஸ்விட்சைப் பெரிதாக்கினால் அணைந்திருக்கும்போது அதன் பாராசிட்டிக் (வேண்டாமலே கூட வரும்) கெப்பாசிட்டன்ஸ் மேல் முனை அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். டேங்கின் க்யூவும் டியூனிங் வீச்சும் இங்கேதான் நேருக்கு நேர் மோதுகின்றன.

ஆஸிலேட்டரை 10 கிகா ஹெர்ட்ஸில் ஓட்டி 2ஆல் வகுப்பது ஏன்?

அதே சிப்பில் இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் 5 கிகா ஹெர்ட்ஸில் கத்தும்போது, அதே அதிர்வெண்ணில் இருக்கும் ஆஸிலேட்டர் அதன் பின்னால் இழுபடும். இரட்டிப்பில் ஓட்டினால் இழுப்பு வெகுவாகக் குறையும். 2ஆல் வகுக்கும்போது 90 டிகிரி இடைவெளியில் இரண்டு கடிகாரங்கள் கூடவே கிடைக்கும், மிக்சருக்கு அவை எப்படியும் தேவை.

ஃபில்டருக்கு வருவோம். ஆப்ஆம்ப் ஆர்சி எப்போது, ஜிஎம்சி எப்போது?

20 மெகா ஹெர்ட்ஸ் சேனலுக்கு அடிப்பட்டை ஃபில்டரின் வெட்டு அதிர்வெண் 10 மெகா ஹெர்ட்ஸை ஒட்டி வரும். இந்த அளவுக்கு ஆப்ஆம்ப்போடு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஆப்ஆம்ப் ஆர்சி நல்ல தேர்வு. பின்னூட்டம் இருப்பதால் நேர்கோட்டுத்தன்மை நன்றாக இருக்கும். அதிர்வெண் நூறு மெகா ஹெர்ட்ஸைத் தாண்டும்போது ஆப்ஆம்ப்பின் வேகம் போதாது. அங்கே ஜிஎம்சி. ஒரு டிரான்ஸ்கண்டக்டர் மின்னோட்டத்தை நேரே கெப்பாசிட்டருக்குள் தள்ளும், பின்னூட்டம் இல்லை. 1 பிக்கோ ஃபாரட்டில் 100 மெகா ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 0.63 மில்லி சீமென்ஸ் போதும். இதற்கு விலையாக நேர்கோட்டுத்தன்மையைக் கொடுக்கிறோம்.

நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராம் நவுட்டா 1992ல் வெளியிட்ட டிரான்ஸ்கண்டக்டரைக் கட்டாயம் படியுங்கள். வெறும் இன்வர்ட்டர்களால் ஆனது. உள்ளே கூடுதல் கணு எதுவும் இல்லை, அதனால் தாமதம் உண்டாக்கவும் எதுவும் இல்லை. 3 மைக்ரான் சீமாஸில் 100 மெகா ஹெர்ட்ஸ் அளவில் ஓடியது. வெளியீட்டில் இருக்கும் இழப்பைச் சில இன்வர்ட்டர்கள் எதிர்மறை மின்தடையாக நின்று ஈடுகட்டும், அந்த ஈட்டை ஒரு தனி சப்ளை வோல்டேஜால் திருகலாம். ஆஸிலேட்டரின் குறுக்கு ஜோடி செய்யும் அதே வேலைதான்.

இன்னும் மேலே போனால் பாராசிட்டிக் கெப்பாசிட்டன்ஸே நாம் போட்ட கெப்பாசிட்டருக்குப் போட்டியாகும். டியூன் செய்யும்போது அதுவும் மாறினால் ஃபில்டரின் வடிவமே கெடும். இப்போது சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருக்கும் ஷாந்தி பவன், யானிஸ் சிவிடிஸ், நாகராஜ் மூவரும் 2000ல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஜிஎம்மை மட்டும் மாற்ற வேண்டும், ஒவ்வொரு கணுவிலும் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் மாறாமல் நிற்க வேண்டும். 60 முதல் 350 மெகா ஹெர்ட்ஸ் வரை வடிவம் கெடாமல் நகரும் ஃபில்டர் அப்படிக் கிடைத்தது, அதுவும் சாதாரண டிஜிட்டல் சீமாஸில்.

என் ஃபில்டர் சிமுலேஷனில் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக இருக்கிறது. நல்லதுதானே?

எச்சரிக்கை அது. இன்டெகிரேட்டர் சரியாக 90 டிகிரி தாமதம் தர வேண்டும். உள்ளே எங்கோ ஒரு பாராசிட்டிக் போல் (pole) இருந்தால் கொஞ்சம் கூடுதல் தாமதம் சேரும். இரண்டு இன்டெகிரேட்டர் வளையத்தில் அது எதிர்மறை இழப்பாக வேலை செய்யும். விதி எளிது: க்யூவின் தலைகீழியிலிருந்து, ரேடியனில் எடுத்த கூடுதல் தாமதத்தின் இருமடங்கைக் கழியுங்கள்.

க்யூ 5, கூடுதல் 1 டிகிரி என்றால் அது 6 ஆகும், சமாளிக்கலாம். க்யூ 20 என்றால் அதே 1 டிகிரி அதை 66க்குக் கொண்டுபோகும். 2 டிகிரி வந்தால் விடை எதிர்மறை. அதாவது உங்கள் ஃபில்டர் இப்போது ஆஸிலேட்டர். ஏசி சிமுலேஷன் இதைச் சொல்லாது, அழகான வளைவையே காட்டிக்கொண்டிருக்கும். போல்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள், அல்லது டிரான்சியன்ட்டில் ஒரு சின்னத் தட்டு கொடுத்து அடங்குகிறதா என்று பாருங்கள்.

உற்பத்தியில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மாறும்போது வெட்டு அதிர்வெண்ணை எப்படிப் பிடித்து வைப்பது?

ஆர்சி பெருக்கம் 30 சதவீதம் வரை விலகக்கூடும் என்று வைத்தே வேலை செய்ய வேண்டும். பழைய, நம்பகமான வழி: ஃபில்டரில் இருக்கும் அதே ஜிஎம், அதே கெப்பாசிட்டரால் பக்கத்தில் ஓர் ஆஸிலேட்டரைக் கட்டி, அதைக் குவார்ட்ஸ் கடிகாரத்தோடு பூட்டுங்கள். பூட்டும் கண்ட்ரோல் வோல்டேஜையே ஃபில்டருக்கும் கொடுங்கள். ஆஸிலேட்டர் சரியான இடத்தில் நின்றால் ஃபில்டரும் நிற்கும். இரண்டும் லேஅவுட்டில் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடிகாரக் கசிவு சிக்னல் பட்டைக்குள் விழாத அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

ஆன்டெனாவுக்கு அடுத்து வரும் சா (SAW) ஃபில்டரையும், அதாவது படிகத்தில் ஒலி அலையால் வேலை செய்யும் ஃபில்டரையும், சிப்புக்குள் கொண்டுவந்துவிடலாமா?

டிரான்சிஸ்டரால் இழப்பை ஈடுகட்டி உயர் க்யூ வாங்கும்போது இரைச்சலும் க்யூவோடு சேர்ந்து வளரும். 1 பிக்கோ ஃபாரட்டில் அடிப்படை வெப்ப இரைச்சலே 64 மைக்ரோ வோல்ட். க்யூவைப் பல பத்துகளுக்கு ஏற்றினால் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். படிகத்தில் ஓடும் ஒலி அலைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதற்கு இயல்பாகவே இழப்பு குறைவு.

இதற்கு மாற்றாக இன்று நம்பிக்கை தருவது என்-பாதை (N-path) ஃபில்டர். 1960ல் பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க்ஸும் சான்ட்பர்க்கும் எழுதிய யோசனை, ஐம்பது ஆண்டுகள் கழித்து வேகமான சீமாஸ் ஸ்விட்ச் வந்ததும் உயிர்பெற்றது. நான்கு கெப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றும் கால் சுற்றுக்கு மட்டும் சிக்னலோடு இணையும். கெப்பாசிட்டரின் தாழ்பட்டை வடிவம் அப்படியே கடிகார அதிர்வெண்ணுக்கு இடம்பெயரும். 2011ல் ட்வெண்டே குழு 65 நானோமீட்டரில் 0.1 முதல் 1 கிகா ஹெர்ட்ஸ் வரை நகரும் ஃபில்டரை இப்படிச் செய்தது. மைய அதிர்வெண்ணைக் கடிகாரமே தீர்மானிப்பதால் டியூனிங் தலைவலி இல்லை. மூன்றாம், ஐந்தாம் ஹார்மோனிக்குகளிலும் கதவு திறந்திருப்பது குறை. கடிகாரத்தின் ஃபேஸ் இரைச்சலும் ஃபில்டருக்குள் வரும், ஆக மறுபடியும் நல்ல ஆஸிலேட்டர்தான் வேண்டும்.

77 கிகா ஹெர்ட்ஸ் கார் ரேடாருக்கும் இதே முறையா?

கருத்து அதேதான், இழப்பு இடம் மாறுகிறது. அங்கே இண்டக்டர் நன்றாகவே இருக்கும், வேரக்டரின் க்யூதான் தரைக்கு வரும். ஆக்சைடுக்குள் கால் அலைநீளம் அரை மில்லிமீட்டர்தான் என்பதால் டிரான்ஸ்மிஷன் லைனையே ஒத்ததிர்வியாக வைக்க முடியும். பலர் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆஸிலேட்டரை ஓட்டிப் பெருக்கிக்கொள்கிறார்கள்.

கல்லூரியில் விலையுயர்ந்த மென்பொருள் இல்லை. எங்கே பழகுவது?

2020ல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் பிடிகேவை (சிப் வடிவமைக்கத் தேவையான ஆலையின் தரவுத் தொகுப்பை) எல்லோருக்கும் திறந்துவிட்டன. ஜெர்மனியின் ஐஎச்பி தன் 130 நானோமீட்டர் சிலிக்கான் ஜெர்மேனியம் பிடிகேவையும் திறந்திருக்கிறது, அதிவேக வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன். எக்ஸ்ஸ்கீம், என்ஜிஸ்பைஸ், மேஜிக், கேலேஅவுட் நான்கும் இலவசம். சுருளின் மின்காந்த சிமுலேஷனுக்கு ஓபன்ஈஎம்எஸ். என்ஜிஸ்பைஸில் ஆஸிலேட்டர் தானாகத் தொடங்காது, தொடக்கத்தில் ஒரு சின்ன மின்னோட்டத் துடிப்பு கொடுங்கள். என்பிடெல்லில் சென்னை ஐஐடியின் அனலாக் ஐசி பாடங்கள் இருக்கின்றன, ஃபில்டருக்கு அவற்றைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிப் திரும்பி வந்துவிட்டது. 5 கிகா ஹெர்ட்ஸ் எதிர்பார்த்த இடத்தில் 4.6 காட்டுகிறது. எங்கே தேடுவது?

4.6 என்றால் இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்த பெருக்கம் 18 சதவீதம் கூடியிருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 0.18 நானோ ஹென்றி, அல்லது 180 ஃபெம்டோ ஃபாரட். எது என்று கண்டுபிடிக்கச் சிப்பை உடைக்க வேண்டியதில்லை. கெப்பாசிட்டர் வரிசையின் எல்லா ஸ்விட்ச் நிலைகளிலும் அதிர்வெண்ணை அளந்து, சிமுலேஷனால் வகுத்து ஒரு வரைபடம் போடுங்கள். விகிதம் எல்லா நிலைகளிலும் ஒன்றாக இருந்தால் கூடியது இண்டக்டன்ஸ்: சுருளிலிருந்து வரிசை வரை போகும் உலோகப் பாதையை மின்காந்த சிமுலேஷனில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள், சில நூறு மைக்ரான் நீளமே இதற்குப் போதும். மேல் அதிர்வெண் பக்கம் விலகல் அதிகமாகவும் கீழ்ப் பக்கம் குறைவாகவும் இருந்தால் கூடியது மாறாத கெப்பாசிட்டன்ஸ்: பஃபரின் உள்ளீட்டையும் அணைந்த ஸ்விட்சுகளின் டிரெயினையும் முதலில் பாருங்கள்.